ஹெரால்டு வாங்கப் போறீங்களா? மொதல்ல வண்டிக்கு அடில படுங்க

போன வாரம் ஆபீஸ்ல மும்முரமா ஆணி பிடுங்கிக்கிட்டு இருந்தப்ப காலேஜ் நண்பன் ஒருத்தன் கூப்பிட்டான். "மச்சி, மன்னார்குடி பக்கத்துல ஒரு வீட்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. ரெண்டு டோர். மூணு லட்சம் சொல்றாங்க. நாளைக்கு அட்வான்ஸ் போட்டுடலாம்னு இருக்கேன். என்ன சொல்ற?"

வாட்ஸப்பில் பதினாலு போட்டோ வந்து விழுந்தது. முன்பக்கம், பின்பக்கம், ஸ்டீயரிங், மீட்டர், பானட்டைத் தூக்கி வைத்து எஞ்சினோடு ஒரு செல்ஃபி. பதினாலில் ஒன்றுகூட வண்டிக்கு அடியில் எடுத்தது இல்லை.

"அட்வான்ஸெல்லாம் போடாத. ஒரு கோணிச்சாக்கு, ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம். இந்த நாலையும் எடுத்துக்கிட்டு திரும்பப் போ"ன்னேன். காரைப் பத்திக் கேட்டா இவன் ஏண்டா பழைய இரும்புக் கடைக்காரன் மாதிரி பேசறான்னு அவனுக்கு எரிச்சல். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். நீளமான பதிவு மக்களே, டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றியேன்னு சில அண்ணாச்சிகள் சிரிப்பீங்க. 948 சிசி எஞ்சின், 35 குதிரைத்திறனைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனா நம்ம ஊருக்கு வாய்ச்ச ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி, வரைஞ்சது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி. அதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கலாட்டி வரைஞ்ச உடம்பை மேலே வெச்சுத்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. ஸ்பிட்ஃபயரை ஸ்போர்ட்ஸ் கார் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அப்ப அதோட அண்ணனை மட்டும் ஏன் தள்ளி வைக்கணும்?

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து வண்டலூர் பக்கம் இதைச் செஞ்சாங்க. அம்பாசடர் கல்கத்தாவிலிருந்து, ஃபியட் பம்பாயிலிருந்து. ஹெரால்டு மட்டும்தான் நம்ம மண்ணுல பொறந்தது. அதனாலதான் தஞ்சாவூர் பக்கம் மிராசுதார் வீடு, டாக்டர் வீடு, வக்கீல் வீடுன்னு பழைய கொட்டகைகளைக் கிளறினா அம்பாசடருக்குப் பக்கத்துலயே இதுவும் கிடைக்குது. அக்ரஹாரத்துத் தெருவிலேயே ஒரே ஒடிப்பில் திரும்பிடும், 25 அடி போதும். காளை மாட்டு வண்டிகூட அதைவிட அதிக இடம் கேக்கும்.

சரி, என் சோகக் கதைக்கு வர்றேன். புத்தி சொல்ற தகுதி எனக்கு எப்படி வந்ததுன்னு தெரியணும்ல.

2021-ல், லாக்டவுன்ல வீட்ல உக்காந்து வேலை பார்த்த சமயம். திருவையாறு பக்கம் எங்க ஊர். செலவே இல்லாம கையில் காசு சேர்ந்திருந்தது. ஆன்லைனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சிவப்பு ஹெரால்டு, 'முழுவதும் ரீஸ்டோர் செய்தது, ஒரு ரூபாய் வேலை இல்லை.' மேற்கு மாவட்டம் ஒண்ணுல ஒரு வியாபாரி. நேர்ல போனேன். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. தையல் மிஷின் மாதிரி சத்தம். பெயின்ட்ல மூஞ்சி தெரியுது. அடியில பளபளன்னு கறுப்பா தார் மாதிரி ஏதோ பூசியிருந்தாங்க. "துருப் பிடிக்காம இருக்க கோட்டிங் சார்"ன்னாரு. நானும் தலையாட்டினேன். நாலு வருஷம் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சவன்னு வெளியில சொல்லிக்க வெக்கமா இருக்கு. 2,80,000 ரூபாய். அதுல 70,000 அப்பா சம்பா நெல்லு போட்ட காசு.

தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு வர்ற வழியில் அஞ்சு ஆத்துப் பாலம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. அப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஜம்முன்னு வந்துக்கிட்டு இருந்தேன். வடவாறு தாண்டியாச்சு, வெண்ணாறு தாண்டியாச்சு. வெட்டாத்துப் பாலம் ஏறி எறங்கறப்ப அப்பா பக்கத்துக் கதவு தானா 'டக்'குனு திறந்துக்கிச்சு. நல்லவேளை மெதுவாத்தான் வந்தேன். அப்பா ஒரு கையால கதவைப் புடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல.

மறுநாள் ஊர் மெக்கானிக் பாய் வந்தாரு. பானட்டைத் திறக்கவே இல்லை. நேரா தரையில சாக்கை விரிச்சுப் படுத்து உள்ள போனாரு. ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்து, "தம்பி, கதவுல ஒண்ணும் கோளாறு இல்லை. வண்டி நடுவுல தொங்கிப் போயிருக்கு"ன்னாரு. அந்தக் கறுப்புப் பூச்சைச் சுரண்டினா உள்ளே பட்டி. பட்டியைச் சுரண்டினா அதுக்குள்ள இரும்பே இல்லை. தகரத்தை மடிச்சு வெச்சு, பட்டி போட்டு, மேல தார் அடிச்சிருக்காங்க.

அப்பத்தான் ஹெரால்டோட உடற்கூறையே உக்காந்து படிச்சேன். அம்பாசடர், ஃபியட்லயெல்லாம் உடம்பும் சட்டமும் ஒண்ணு. ஹெரால்டுல தனி சேஸிஸ். நடுவுல முதுகெலும்பு மாதிரி ரெண்டு கட்டை, அதுலேர்ந்து விலா எலும்பு மாதிரி பக்கவாட்டுக் கைகள். அவுட்ரிக்கர்னு பேரு. அதுங்க மேலதான் உடம்பைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருக்காங்க. ஏன் இப்படின்னா அதுக்கும் ஒரு கதை இருக்கு. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு உடம்பு அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு. முழு உடம்பு செஞ்சு குடுக்க ஆள் கிடைக்கல. சரி, சின்னச் சின்னத் துண்டா வாங்கி நாமளே போல்ட் போட்டுக்குவோம்னு முடிவு பண்ணிட்டாங்க. பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டிக்கவும் அது தோதா அமைஞ்சது.

ஆகவே, விலா எலும்பு அரிச்சுப் போச்சுன்னா உடம்பு தொங்கும். உடம்பு தொங்கினா கதவு இடைவெளி மாறும். வண்டிக்கு அடில படுக்கறதுக்கு முன்னாடியே இது கண்ணுக்குத் தெரியும். கதவை மூடிட்டு பத்தடி தள்ளி நின்னு பாருங்க. கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற சந்து மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். மேல விரல் நுழையுது, கீழ பிளேடுகூட நுழையலைன்னா வண்டி நடுவுல உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு கதவைத் திறந்து மூடிப் பாருங்க. தூக்கறதுக்கு முன்னாடி சுலபமா மூடின கதவு இப்ப இடிக்குதுன்னா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

அடில போனப்புறம் காந்தத்துக்கு வேலை. பட்டி மேல காந்தம் ஒட்டாது. ஒட்டற இடத்துல ஸ்க்ரூ டிரைவர் முனையால அழுத்தமா குத்துங்க. (சொந்தக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான். கேட்டா வேணாம்னு பதறினாருன்னா அதுவே பதில்.) நடுவுல இருக்கற கைகள், டிக்கிக்கு அடில போற கைகள், பின்னாடி டிஃபரன்ஷியலைப் புடிச்சிருக்கற இடம், முன்னாடி பானட் கீல் மாட்டற இடம். இந்த நாலும் முக்கியம். கதவுக்குக் கீழ ஓடற வெளிப்பலகை அரிச்சிருந்தா பயப்பட வேணாம். ஸ்பிட்ஃபயர்ல அதுதான் வண்டியைத் தாங்கும், ஹெரால்டுல அது வெறும் அலங்காரம். வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு நிறைய பேர் இதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு, அலங்காரத்தைச் சரி பண்ணிட்டு எலும்பை விட்டுடறாங்க.

நம்ம டெல்டாவில் துரு வர்ற வழியே தனி. வெளிநாட்ல பனிக்கு ரோட்ல உப்பு கொட்டி அரிக்குது. இங்கே வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடக்காத்து போதும். உள்ளூர்ல பெரிய எதிரி கொட்டகைதான். மாட்டுக் கொட்டகையில ஒரு ஓரமா நிறுத்தி வெச்சிருப்பாங்க. மண் தரை. ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் தண்ணி கசிஞ்சு தரை சொதசொதன்னு இருக்கும். மாட்டு மூத்திரம் வேற. வெளிச்சம் படாம, காத்துப் போகாம அடியிலேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும். மேல பாத்தா பெயின்ட் அப்படியே இருக்கும். வைக்கோலை வண்டிக்குள்ளயே அடைச்சு வெச்சிருந்த கேஸும் பார்த்திருக்கேன். வைக்கோல் இருந்தா எலி வரும், எலி வந்தா ஒயரிங் காலி. ஒயரிங் போனது பெரிய செலவில்லை, ஆனா அரைகுறையாக் கடிச்ச ஒயர்ல பேட்டரியை மாட்டிடாதீங்க, தீப்பிடிச்சுக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் உண்டு, மாட்டறதுக்கு முன்னாடி எந்த முனை உடம்புல பூட்டியிருக்குன்னு பார்த்துக்கங்க.

மன்னார்குடி வண்டி விஷயத்துல இன்னொரு சந்தேகமும் எனக்கு. போட்டோவில் கொட்டகைக் கூரை புதுத் தகரம். அந்தப் பக்கமெல்லாம் 2018 நவம்பர் 16 கஜா புயல்ல தென்னை மரமும் கூரையும் விழுந்த ஊர்கள். பழைய கூரை வண்டி மேல விழுந்து, டிங்கரிங் பண்ணி நிமித்தியிருக்க வாய்ப்பு இருக்கு. ஹெரால்டுல கூரையும் போல்ட் போட்டதுதான், கண்ணாடி ஓரத்துத் தூண்ல நெளிவு இருக்கான்னு விரலால தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

கூரைன்னதும் ஞாபகம் வருது. போல்ட்டைக் கழட்டிக் கூரையைத் தூக்கிப் போட்டுட்டு 'கன்வர்டிபிள்'னு ஒரு லட்சம் கூட வெச்சு விக்கற கோஷ்டி ஒண்ணு இருக்கு. இன்ஸ்டாகிராமுக்கு அழகாத்தான் இருக்கும். ஆர்சி புக்ல சலூன்னு இருக்கும். தயாரிப்பாளர் குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. எஃப்.சி.க்குப் போய் நிக்கறப்ப பல்லைக் காட்டும். தவிர, நம்ம ஊரு வெயில்ல கூரையில்லாத கார் எதுக்குங்க? ஹி ஹி.

இப்ப எல்லாரும் ஏமாந்து போற இன்னொரு இடம். ட்ரன்னியன். முன் சக்கரத்தைப் புடிச்சிருக்கற செங்குத்து எஃகுக் கம்பியோட அடிமுனையில மரை இருக்கும். அது பித்தளை மாதிரி ஒரு உலோகக் கட்டைக்குள்ள திருகி உக்காந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பறப்பல்லாம் அந்த மரை உள்ளேயே சுத்தும். அதுக்குத் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஊத்தணும். கிரீஸ் கூடவே கூடாது. ஆனா நம்ம பட்டறைகள்ல என்ன வழக்கம்? நிப்பிளைப் பார்த்தா கன்னை வெச்சு கிரீஸ் அடி. கிரீஸ் கெட்டியாகி வழியை அடைச்சுடும், மரைக்குள்ள தண்ணி நிக்கும், துரு அரிச்சுக்கிட்டே போகும். ஒரு நாள் மெதுவா ஸ்டீயரிங் ஒடிக்கறப்ப கம்பி முறிஞ்சு சக்கரம் உள்பக்கமா மடங்கிப் படுத்துடும். வேகமா போறப்ப ஆனா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

ஹெரால்டுக்கு 'சக்கரம் கழண்டு போற வண்டி'ன்னு நம்ம ஊர்ல ஒரு கெட்ட பேர் உண்டு. தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்க. என் கணிப்பு, அந்தக் கெட்ட பேர்ல ஒரு பங்கு இந்தக் கிரீஸ் கன்னுக்குச் சேரும். இன்னொரு பங்கு பின் சக்கரத்துக்கு. பின்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடற மாதிரி அமைப்பு, குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமா வளைவுல போய் திடீர்னு ஆக்சிலேட்டரை விட்டா வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கப் பாக்கும். இங்கிலாந்துல ஸ்பிட்ஃபயருக்கு ஸ்பிரிங்கையே மாத்தி அமைச்சாங்க. நம்மாளுங்க ஒரு படி மேல போய், 1972-ல் கெஸல்னு பேர் மாத்தி விட்டப்ப சாதாரண கார் மாதிரி நேர் ஆக்சிலே போட்டுட்டாங்க. நாலு டோர் ஹெரால்டுங்கறதும் நம்ம ஊர்ல மட்டும் வந்த சரக்கு, அறுபதுகளோட கடைசியில.

ட்ரன்னியனைச் சோதிக்க ஒரு வழி: முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா சந்தேகம். ஆட்டம் இல்லைன்னாலும் வாங்கின முதல் வாரமே கழட்டி மரையைக் கண்ணால பார்க்காம நாஞ்சிக்கோட்டை ரோடு தாண்டக் கூடாது. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். பின்னாடி பட்டை ஸ்பிரிங்குக்கு இருபதடி பின்னால நின்னு பாருங்க. ரெண்டு சக்கரமும் மேல் பக்கம் உள்ளே சாஞ்சு, மாடு படுக்கப் போற மாதிரி இருந்தா ஸ்பிரிங் செத்துப் போச்சு. அது செலவு, ஆனா ஆபத்து இல்லை.

இவ்வளவு நேரமா எஞ்சினைப் பத்திப் பேசவே இல்லையேன்னு கேப்பீங்க. வேணும்னேதான். எஞ்சின் ஓடுதா ஓடலையாங்கறதுதான் இந்த வண்டியில் ஆகக் குறைஞ்ச முக்கியத்துவம் உள்ள விஷயம். வியாபாரி அதை முதல்ல காட்டறதுக்குக் காரணமே அதுதான். ஓடாத எஞ்சினை ஓட வைக்க திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் எங்க வேணா ஒரு லேத் பட்டறை போதும். போர் போட்டு, கிராங்க் தேச்சு, ஹெட் சாணை புடிச்சுக் குடுத்துடுவாங்க. மோட்டார் பம்பு எஞ்சினைத் தலைமுறை தலைமுறையா பிரிச்சு மாட்டின கைங்க அது. சேஸிஸை அளவு தப்பாம நிமித்தி வெல்டு வைக்கற ஆளைத்தான் தேடணும்.

ஒரே ஒரு எஞ்சின் சோதனை மட்டும் சொல்றேன், இது இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கே உரிய வியாதி. பானட்டைத் திறந்துட்டு (முன்பக்கம் முழுசுமே முன்னாடி கவிழும், டயர் மேல உக்காந்தே வேலை பார்க்கலாம், அவ்வளவு சொகுசு) நண்பனை கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லுங்க. நீங்க முன்னாடி கிராங்க் புல்லியைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற அளவு முன்னும் பின்னும் நகருதுன்னா உள்ளே அரைவட்ட வாஷர் தேஞ்சு போச்சு. அது தேஞ்சு கீழ விழுந்துட்டா கிராங்க் பிளாக்கையே தின்ன ஆரம்பிச்சுடும். அப்ப மட்டும்தான் எஞ்சின் பெரிய செலவு. அப்புறம், இப்ப பங்க்ல வர்றது இ-20 பெட்ரோல். பழைய ரப்பர் டியூப், பம்பு டயஃப்ரம் எதுவும் தாங்காது. அதையெல்லாம் மாத்தற செலவையும் விலையிலேயே சேர்த்துக்கங்க.

அடுத்தது பேப்பர். வண்டி வாங்கறவன்ல பாதிப் பேர் இதைக் கடைசியா கேக்கறான். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் பென்சில் அச்சு எடுத்து ஆர்சி புக்கோட ஒத்துப் பாருங்க. நான் பார்த்த ஒரு ஹெரால்டுல மாருதி வேன் எஞ்சின் உக்காந்திருந்தது. புக்ல 948 சிசி. 1989-க்கு முந்தின மூணெழுத்து நம்பர் வண்டின்னா அந்த விவரம் கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்காது, ஆப்ல தேடினா ஒண்ணும் வராது. ஆர்.டி.ஓ ஆபீஸ் பழைய பதிவேட்டுலேர்ந்து ஏத்தணும். அதுக்கு ஒரிஜினல் புக் இருந்தே ஆகணும். புக் தொலைஞ்ச வண்டியை, இதுக்குப் பொறந்த விலையில குடுத்தாலும் தொடாதீங்க. 15 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு ஆர்சி புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல் விண்டேஜ் பதிவுன்னு தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. நம்பர்ல 'விஏ'ன்னு வரும், கெத்தா இருக்கும். ஆனா அந்தப் பதிவுல தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடன்னு போனாத்தான் உண்டு. கும்பகோணத்துக்கு டிகிரி காப்பி குடிக்கப் போறது கண்காட்சியில சேருமான்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னைக் கேட்டா, ஓட்டணும்னு ஆசை இருக்கறவன் சாதாரணப் பதிவையே உயிரோட வெச்சுக்கறது நல்லது.

நம்ம பக்கத்துப் பெரிய சிக்கல் வாரிசு. புக்ல பேர் இருக்கற பெரியவர் போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் ஆகியிருக்கும். வண்டி வீட்ல நிக்கறவங்க பேசி விலை முடிச்சுடுவாங்க. சிங்கப்பூர்ல ஒரு பையன், சென்னையில ஒரு பொண்ணு. வாரிசு சான்றிதழ் வாங்கி, எல்லாரும் ஒப்புதல் குடுத்து, முதல்ல வீட்ல ஒருத்தர் பேருக்கு மாத்தி, அப்புறம்தான் உங்க பேருக்கு. என்னோட இப்போதைய வண்டிக்கு (ஆமாம், சூடு பட்டும் திரும்ப வாங்கினேன், 2023-ல், பாபநாசம் பக்கம் ஒரு வீட்லேர்ந்து) இது முடிய ஏழு மாசம் ஆச்சு. அந்த வண்டி வாங்கறப்ப ஓடல. பெயின்ட் உரிஞ்சு, டயர் மண்ணோட மண்ணாப் போயிருந்தது. ஆனா நெல்லுக் குதிர் இருந்த சிமெண்ட் தரை அறையில நின்ன வண்டி. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா 'ணங்'குனு சத்தம் வந்தது. 1,20,000-க்கு வாங்கி இன்னொரு 1,60,000 செலவு. மொத்தக் கணக்கு அந்தச் சிவப்பு வண்டி விலைதான்.

சிவப்பு வண்டி என்ன ஆச்சுன்னு சொல்லலையே. எல்லா ஓட்டையையும் காட்டி, உள்ளதைச் சொல்லி, எஞ்சினுக்காகக் கேட்ட ஒருத்தருக்கு 55,000-க்குக் குடுத்துட்டேன். அப்பாகிட்ட அந்த 70,000-த்தைப் பத்தி மூணு மாசம் பேச்செடுக்க முடியல. ஒரு நாள் அவங்களே சொன்னாங்க: "விடுறா. ஒரு போகம் தண்ணில போச்சுன்னு நெனச்சுக்குவோம்." ஒரு போகம் தண்ணியில போறதுன்னா என்னன்னு விவசாயம் பண்ற வீட்ல பொறந்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப மன்னார்குடிக்கு வருவோம். நண்பன் சாக்கோட திரும்பப் போனான். நேத்து ராத்திரி போன். ஒரு பக்கத்து நடுக் கையில ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போயிடுச்சாம். மத்ததெல்லாம் 'ணங்'. கூரைத் தூண்ல நெளிவு இல்லை. புக் இருக்கு. வீட்டுப் பெரியவர் 2009-ல் தவறிட்டார், பேர் அவர் பேர்லயே இருக்கு. வீட்ல ஆச்சி மட்டும்தான். என் கணக்குப்படி நல்ல வண்டி. ஒரு கையை வெட்டிப் புதுசு வெச்சுடலாம். இங்கிலாந்துல ஹெரால்டு பார்ட்ஸ் இன்னும் புதுசா செஞ்சு விக்கறாங்க, கூரியரும் கஸ்டம்ஸும்தான் கொஞ்சம் வலிக்கும். சேஸிஸ் கை மாதிரி கனமான சாமானை நம்ம ஊர் பட்டறையிலேயே அளவெடுத்து மடிச்சுடலாம்.

"அப்ப நான் ஆச்சிகிட்ட சொல்லிடறேன் மச்சி. சேஸிஸ் மொத்தமா அரிச்சுப் போச்சு, காயலான் கடைக்குத்தான் போகும், பாவம்னு அறுபதாயிரத்துக்கு எடுத்துக்கறேன்னு"ன்னான். ஸ்க்ரூ டிரைவர் போன ஓட்டையைப் போட்டோ எடுத்து ஆச்சிகிட்ட காட்டப் போறானாம்.

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. பட்டி போட்டு ஓட்டையை மறைச்சு என் தலையில கட்டினவனுக்கும், ஒரு ஓட்டையைக் காட்டி மொத்தமும் ஓட்டைன்னு சொல்றவனுக்கும் என்னங்க வித்தியாசம்? இந்தச் சோதனையெல்லாம் நாம ஏமாறாம இருக்கத்தான் கத்துக்கிட்டோம். அதையே அடுத்தவங்களை ஏமாத்தற ஆயுதமா ஆக்கறது இந்தப் பழைய வண்டிப் பைத்தியங்கள்கிட்ட சகஜமா இருக்கு. 'கொட்டகையில கண்டுபிடிச்சேன், சும்மா விலைக்கு அடிச்சேன்'னு வீடியோ போட்டுப் பெருமை வேற. அதே வண்டியை ஆறு மாசம் கழிச்சு எட்டு லட்சத்துக்கு விக்கறான். அந்தக் கொட்டகை வீட்ல இருக்கற பேரன் அந்த வீடியோவைப் பார்க்க மாட்டானா? பார்த்ததாலதான் இன்னிக்கு ஓட்டை உடைசலுக்கெல்லாம் அஞ்சு லட்சம் சொல்றாங்க, நியாயமா வாங்க வர்றவனுக்கும் வண்டி கிடைக்க மாட்டேங்குது.

அவன்கிட்ட சொன்னது இதுதான். ஓட்டையை ஆச்சிக்குக் காட்டு. அதுக்கு வெல்டிங் செலவு எவ்வளவுன்னு பட்டறையில எழுதி வாங்கிக் காட்டு. பேர் மாத்தற செலவைச் சேரு. மிச்சத்தைக் கழிச்சு ஒரு விலை சொல்லு. அந்த மாதிரி வண்டி வெளியில என்ன விலைக்குப் போகுதுன்னும் சொல்லு. அப்பவும் குடுத்தாங்கன்னா எடு. பையன் கொஞ்ச நேரம் கம்முனு இருந்தான். "நீ பெரிய உத்தமன்டா"ன்னு வெச்சுட்டான். காலையில மெசேஜ்: 'சரி, ஆனா விலை பேசறதுக்கு நீயும் வா. எனக்கு வாய் வராது.'

ஞாயித்துக்கிழமை காலையில திருவாரூர் பஸ் புடிக்கறேன், நீடாமங்கலத்துல அவன் வந்து கூட்டிக்கிறானாம். சாக்கு அவன்கிட்ட இருக்கு. டார்ச்சுக்கு மட்டும் புது பேட்டரி போடணும்.

டிஸ்கி: ஆச்சி என்ன சொன்னாங்கன்னு அடுத்த பதிவுல. ட்ரன்னியனுக்குக் கிரீஸ்தான் அடிக்கணும்னு சண்டை போடறவங்க வரிசையா வரலாம் :-)